பதினாலாம் நம்பரை யாரும் சொல்லவில்லை

வீடு வாங்கும் முன் அதைக் கட்டிய கொத்தனாரையே கேட்டுவிடலாம் என்ற யோசனை எங்கள் பக்கத்தில் என் சின்னம்மாவுக்குத்தான் முதலில் வந்திருக்கும். மற்றவர்கள் விற்பனை அலுவலகத்துக்குப் போவார்கள். வழவழப்பான தாளில் அச்சடித்த படங்களைப் பார்ப்பார்கள். குழாயைத் திறந்து மூடுவார்கள், சுவரை விரலால் தட்டுவார்கள், தலையாட்டுவார்கள். சின்னம்மாவுக்கு அது போதவில்லை. நைரோபிக்குப் பக்கத்தில் அத்தி ரிவர் என்ற ஊரின் கரிசல் காட்டில் எழும்பிய அந்த நாற்பது வீடுகளையும் கட்டிய ஆட்களுக்கு இரண்டு வருடம் மதியச் சாப்பாடு போட்டவள் அவள். எந்தச் சுவரை எவன் பூசினான் என்பது அவளுக்குத் தெரியும். தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

அவள் பெயர் முன்யிவா. ஆட்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. மூத்தவன் பெயர் கியாலோ என்பதால் பெரியவர்களுக்கு அவள் கியாலோ அம்மா, சின்னவர்களுக்கு அக்கா.

நாற்பதில் எட்டு வீடுகள் சிறியவை. மாடியில் இரண்டு அறை, ஒரு குளியலறை; கீழே சமையலறையும் கூடமும். அவள் கைக்கு எட்டக்கூடியவை அவைதான். அந்த எட்டில் மூன்று இன்னும் விற்காமல் இருந்தன. ஒன்பது, பதினாலு, முப்பத்தொன்று. கொத்தனார்களிடம் இந்த மூன்றைப் பற்றித்தான் கேட்டாள். ஒன்பதைக் கட்டிய ஒக்கேலோ முப்பத்தொன்றை வாங்கச் சொன்னான். முப்பத்தொன்றைக் கட்டிய முரீதி, யோசிக்கவே வேண்டாம் ஒன்பதுதான் என்றான். எவனும் தன் வீட்டைச் சொல்லவில்லை.

சின்னம்மா இதற்குச் சிரித்தாள். "அவனவன் வேலையில இருக்கற ஓட்டை அவனவனுக்குத்தானே தெரியும். என் கடை ஆட்டுக்கறிக் குழம்பை நல்லா இருக்கான்னு என்னையே கேட்டா நான் என்ன சொல்லுவேன்? பக்கத்துக் கடைக்குப் போன்னுதான் சொல்லுவேன்."

அவளை உறுத்தியது வேறு. பதினாலாம் நம்பரை யாருமே சொல்லவில்லை. கட்டியவனும் சொல்லவில்லை, கட்டாதவனும் சொல்லவில்லை. "பதினாலு எப்படி?" என்று அவள் வாய்விட்டுக் கேட்டால் ஒருவனுக்குத் திடீரென்று தொலைபேசி அழைப்பு ஞாபகம் வந்தது. இன்னொருவன் தட்டைப் பார்த்துக்கொண்டு, தேநீரில் இன்னும் கொஞ்சம் பால் கேட்டான். டைல் பதித்த ஆள் மட்டும், "அக்கா, உங்களுக்கு நாங்க எவ்வளவோ கடமைப்பட்டிருக்கோம்" என்றான். கேள்விக்கும் பதிலுக்கும் ஒட்டே இல்லை.

அவள் ஆசைப்பட்டதோ பதினாலுக்குத்தான். அது வரிசையின் கடைசி வீடு. சமையலறைக்குப் பக்கவாட்டில் தனியாக ஒரு கதவு இருந்தது. அதைத் திறந்தால் மற்ற வீடுகளுக்கு இல்லாத ஒரு துண்டு நிலம், மதில்வரைக்கும். காலை வெயில் முழுவதும் அங்கேதான் விழும். சோளம் காயப்போடலாம், பெரிய அடுப்பு வைக்கலாம், நாலு பேர் வந்தால் நாற்காலி போடலாம். ஒன்பதுக்குப் பின்னால் மொத்தக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டி. முப்பத்தொன்றுக்கு முன்னால் ஜெனரேட்டர் அறை.

காலமும் அதிகமில்லை. பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த சேமிப்புக் குழுவில் வருடத்துக்கு ஒருத்திக்குப் பெரிய கடன் கொடுப்பார்கள். அந்த வருடம் சீட்டு சின்னம்மா பெயருக்கு விழுந்திருந்தது. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் வீட்டு ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் முறை அடுத்தவளுக்குப் போய்விடும். மறுபடி தன் முறை வரும்போது அவளுக்கு அறுபது நெருங்கியிருக்கும். அவளும் நானும் இருந்த ம்லோலோங்கோ வாடகை அறைகளையும் இடித்துவிட்டு மாடி கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

சின்னம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிப்வேசிப் பக்கம் பிறந்தவள். இருபது வயதில் இங்கே வந்து ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். கால்சட்டைக்குப் பை தைக்கும் வேலை, அதிலும் வலதுபக்கப் பை மட்டும். எட்டு மாதம் தைத்த பிறகு ஒருநாள், இடதுபக்கப் பையை யார் தைக்கிறார்கள் என்று பார்க்க எழுந்து போய்விட்டாள். மேற்பார்வையாளர் கத்தினார், அரை நாள் கூலியை வெட்டினார். அவள் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். இடதுபக்கப் பையைத் தைத்தவள் அவளைவிட வேகமாம். ஊசியை மாற்றும் முறையை அவளிடம் கற்றுக்கொண்டு வந்து தானும் வேகமாகிவிட்டாள்.

அவள் கணவர் மொம்பாசாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். ஊரில் எல்லோரும் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். கொஞ்சம் அழுதாள். பிறகு அந்தப் பெண் எப்படி இருப்பாள் என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. பேருந்து ஏறிப் போய், கதவைத் தட்டி, தேநீர் குடித்து, மறுநாள் திரும்பி வந்தாள். என் அம்மா பதறிப்போய் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "தேங்காய்ப்பால் விட்டு மீன் சமைக்கிறா, நல்லா இருக்கு" என்றாளாம். அதற்கு மேல் அவரைப் பற்றி யாரிடமும் அவள் பேசி நான் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவள் வீடு பார்க்கப் போனாள். வாசல் காவலாளி சிமியு தினமும் அவள் கையால் சாப்பிட்டவன். ஆனாலும் பதிவேட்டை நீட்டினான். பெயர் எழுதியாயிற்று, நேரம் எழுதியாயிற்று, வந்த காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"சாப்பாடுன்னு போடவா கியாலோ அம்மா?"

"வீடுன்னு போடு."

"யார் வீடு?"

"அதைத்தான் பார்க்கப் போறேன்."

அவன் 'வீடு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டான்.

விற்பனை அலுவலகத்தில் ஒடேரா என்ற இளைஞன் இருந்தான். இஸ்திரி கலையாத சட்டை, நல்ல மரியாதை. சுற்றிக் காட்டும்போது, இது வெறும் வீடு அல்ல ஒரு வாழ்க்கை முறை என்று மனப்பாடமாகச் சொன்னான். சின்னம்மா அதைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள். பாத்திரம் கழுவிய தண்ணீர் எந்தக் குழாய் வழியாக எங்கே போகிறது? ஆழ்குழாய் மோட்டாரைப் போடுகிறவன் ஊருக்குப் போனால் யார் போடுவார்கள்? மதிலுக்கு அந்தப் பக்கம் நிலம் யாருடையது, அவர் என்ன கட்ட நினைக்கிறார்? ஒடேரா பாதிக்குத் தெரியாது என்றான். ஆனால் மழுப்பவில்லை. ஒரு சின்ன நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அடுத்த தடவை பதிலோடு இருந்தான். மூன்றாம் தடவை அவனே, "இன்னைக்கு என்ன கேள்வி மம்மா?" என்று நோட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தான்.

பதினாலைப் பற்றி அவனிடம் ஒன்றும் இல்லை. மூலை வீடு, நல்ல வீடு, விலை மற்றதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

வீட்டில் உட்கார்ந்து சின்னம்மா பலவிதமாக யோசித்தாள். அந்த இடத்தில் பழைய சமாதி ஏதாவது இருந்ததோ என்று சந்தேகப்பட்டு, முன்பு அங்கே மாடு மேய்த்த ஒரு மாசாய்க்காரரைத் தேடிப் போய்க் கேட்டாள். அந்த இடத்தில் தன் ஆடு ஒன்று செத்தது, வேறு யாரும் சாகவில்லை என்று அவர் சொன்னார். அஸ்திவாரத்தில் பாம்புப் புற்றோ என்று பார்த்தாள். மழை பெய்த மறுநாள் போய்த் தண்ணீர் தேங்குகிறதா என்று சுற்றி நடந்தாள். கரிசல் செருப்பில் அப்பியதுதான் மிச்சம். மேஸ்திரி முசெம்பியைத் தொலைபேசியில் பிடித்தாள். "நல்ல வீடுதான் அக்கா, ஆனா உங்களுக்கு எதுக்கு" என்று தொடங்கியவர், சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

இதற்குள் ஒன்பதாம் நம்பர் விற்றுப்போனது. மீதி இரண்டு. வெள்ளிக்கிழமைக்கு ஆறு நாள்.

பதினாலின் கொத்தனார் முதிந்தா இப்போது கிட்டெங்கேலாவில் வேறொரு கட்டடத்தில் இருந்தான். சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரம் பார்த்து நானும் சின்னம்மாவும் மட்டாட்டு வேன் பிடித்துப் போனோம். அங்கேயும் தகரக் கொட்டகையில் ஒரு பெண் சமைத்துக்கொண்டிருந்தாள். சின்னம்மா முதலில் காசு கொடுத்து ஒரு தட்டுக் களியும் கீரையும் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தாள். உப்பு கம்மி என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். பிறகுதான் முதிந்தா பக்கத்தில் செங்கல் அடுக்கில் போய் உட்கார்ந்தாள்.

அவன் முப்பது வயதுக்காரன், ஒல்லி, பேச்சில் நக்கல் கூடவே வரும். அன்றைக்கு நக்கல் இல்லை.

"முதிந்தா, பதினாலுல என்ன?"

"ஒண்ணும் இல்லக்கா. நல்ல வீடு."

"நல்ல வீடுன்னா ஏன் எனக்கு யாரும் சொல்லல?"

"முப்பத்தொண்ணு இன்னும் நல்ல வீடு."

"ஜெனரேட்டர் பக்கத்துல நீ வந்து தூங்குவியா?"

"கரண்டு போனாத்தானே ஓடும்."

"இங்க கரண்டு போகாத நாள் ஒண்ணு சொல்லு."

அவன் களியை உருட்டினான். வாயில் போடவில்லை.

"நான் பொம்பளை, தனி ஆளு, கையில இருக்கறதை எல்லாம் அதுல கொட்டப் போறேன்" என்றாள் சின்னம்மா. "அங்க யாரையாவது புதைச்சிருக்கீங்களா? அதையாவது சொல்லு."

"புதைஞ்சு கிடக்கறது நீங்க வேகவெச்ச அவரைக்கொட்டைதான்கா" என்றான் முதிந்தா. சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான்.

மாடித் தளத்துக்குக் காங்கிரீட் போடும் நாள் கட்டட வேலையில் பெரிய நாள். அன்று சாப்பாடு கம்பெனிச் செலவு. காலை ஆறு மணிக்கு ஒரு மூலையில் ஆரம்பித்தால் அடுத்த மூலைவரை ஒரே மூச்சாகப் போட்டு முடிக்க வேண்டும். போட்டது இறுகிப்போன பிறகு புதியதை அதன் பக்கத்தில் ஊற்றினால் இரண்டும் சரியாக ஒட்டாது. ஆனால் முசெம்பி மேஸ்திரியின் கூட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. பாதித் தளம் முடிந்ததும் அறுபது பேரும் இறங்கி, ஒரே அண்டாவிலிருந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். ஒருத்தன் முன்னால் ஒருத்தன் பின்னால் என்று சாப்பிட்டால் தளத்துக்கு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. இருபது நிமிடத்தில் மறுபடி மேலே போய்விடுவார்கள். இருபது நிமிடம் ஒன்றும் செய்யாது.

பதினாலுக்குத் தளம் போட்ட அன்றைக்குக் கழுதை வண்டித் தண்ணீர்க்காரன் வரவில்லை. சின்னம்மா கட்டடத்தில் புதிதாகப் போட்டிருந்த ஆழ்குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சோளமும் அவரைக்கொட்டையும் வேகவைத்தாள். உப்புத் தண்ணீர். சோளம் வெந்தது. அவரை கூழாங்கல் மாதிரி அப்படியே கிடந்தது. ஆட்கள் இறங்கி வந்து கொட்டகையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். எப்போது ஆகும் என்று கேட்டார்கள்.

"பத்து நிமிஷம்னு சொன்னீங்க" என்றான் முதிந்தா. "எட்டுத் தடவை சொன்னீங்க. பசியில எண்ணிக்கிட்டே இருந்தேன்."

"எனக்கு நிஜமாவே பத்து நிமிஷம்னுதான் பட்டுது."

"எங்களுக்கும் அப்படித்தான் பட்டுது. இப்ப வந்துரும், இப்ப வந்துரும்னு யாரும் மேல ஏறல."

"ரெண்டு மணி நேரம் ஆகும்னு சொல்லியிருந்தா?"

"போய் முடிச்சிட்டு வந்திருப்போம்."

அது ஜனவரி, இங்கே வெயில் கொளுத்தும் மாதம். எஞ்சினியர் அன்று நைரோபிக்குப் போயிருந்தார். திரும்பி மேலே போனபோது பாதித் தளம் கல்லாகிவிட்டிருந்தது. முசெம்பி விளிம்பைக் கொத்திவிட்டு, சிமென்ட் பால் ஊற்றி, மீதியைப் போடச் சொன்னார். எஞ்சினியரிடம் சொன்னால் சாப்பாட்டு வேலை கியாலோ அம்மா கையை விட்டுப் போய்விடும், அதனால் யாரும் வாய் திறக்கக் கூடாது என்றும் சொன்னார். அறுபது பேரும் திறக்கவில்லை. அந்த ஒட்டு சரியாக மாடிக் குளியலறைக்குக் கீழே ஓடுகிறது.

"ஒழுகுதா?" என்று கேட்டாள் சின்னம்மா.

"தெரியாதுக்கா. யாரும் இன்னும் அங்க குளிக்கலையே."

திரும்பும் வண்டியில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சிமென்ட் ஆலைப் புகையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவமானமா, துக்கமா என்று முகத்தில் பிடிபடவில்லை. ம்லோலோங்கோ நெருங்கும்போது, "எட்டுத் தடவையா சொன்னேன்?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்போது பள்ளி விடுதியில் இருந்தேன்.

முப்பத்தொன்றைப் பேசாமல் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஜெனரேட்டர் சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் முடிந்தது. பதினாலை யாரோ வாங்குவார்கள், ஒழுகினால் அவர்கள் பாடு. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் அப்படி ஒரு முடிவுக்கு வந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் சர்ச்சிலிருந்து வரும் வழியில், "ஒழுகுமா ஒழுகாதான்னு தெரிஞ்சுக்காம எப்படி இருக்கறது?" என்றாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

திங்கட்கிழமை ஒடேராவிடம் போய், பதினாலாம் நம்பர் மாடிக் குளியலறையின் வடிகால் ஓட்டையைத் துணியால் அடைத்துவிட்டு, கணுக்கால் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி ஒரு நாள் நிறுத்த வேண்டும் என்றாள். அவன் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. எதற்கு என்றான். அவள் சொன்னாள். கழுதை வண்டியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும், எட்டுத் தடவை சொன்ன அந்தப் பத்து நிமிடத்தையும் சேர்த்துச் சொன்னாள். ஆட்களின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

ஒடேரா நோட்டை மூடினான். "மம்மா, இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"சொல்லலைன்னா எப்படித் தண்ணி கட்ட விடுவே?"

அவன் மேலிடத்தில் கேட்டு அனுமதி வாங்க ஒரு நாள் ஆனது. புதன்கிழமை காலை நாங்கள் மூன்று பேரும் வாளி வாளியாக ஊற்றினோம். குழாயிலேயே வந்திருக்கும், ஆனால் மோட்டார்க்காரன் ஊருக்குப் போயிருந்தான். ஒடேரா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தன் நோட்டில் முன்பு எழுதிய அந்த மோட்டார்க் கேள்வியின் பக்கத்தில் ஒரு கோடு போட்டான்.

அன்று மாலைவரை ஒன்றுமில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடத்தில் நின்று பார்த்தபோது, வெள்ளைக் கூரையில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு தெரிந்தது. சுவரிலிருந்து சுவர்வரை ஓடியது. நடுவில் ஓரிடத்தில் கறுத்து, ஒரு சொட்டு திரண்டு, வெகுநேரம் யோசித்துவிட்டு விழுந்தது. அடுத்த சொட்டுக்கு ஐந்து நிமிடம் ஆனது.

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கோடு போகும் வழியெல்லாம் கூடவே நடந்தாள். "எவ்வளவு நேரா வந்திருக்கு பாரு" என்றாள். "இங்கதான் எல்லாத்தையும் போட்டுட்டுச் சாப்பிட எறங்கியிருக்காங்க." பிறகு சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

மதியம் எஞ்சினியர் கிப்ரோனோ வந்தார். உயரமானவர், அவசரக்காரர். கூரையைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. யார் வேலையை நடுவில் நிறுத்தியது என்று ஒடேராவிடம் பாய்ந்தார்.

"நான்தான் நிறுத்தினேன்" என்றாள் சின்னம்மா.

அவர் திரும்பி, சாப்பாட்டுக்காரப் பெண் இங்கே ஏன் நிற்கிறாள் என்பதுபோலப் பார்த்தார். அவள் மறுபடி முழுக்கதையையும் சொன்னாள். அவர் இடுப்பில் கைவைத்தபடி கேட்டார். கேட்டு முடித்ததும் கோபத்தைத் தொடர்வார் என்று நினைத்தேன். தொடரவில்லை. "தளம் போடற அன்னைக்கு நான் இடத்தை விட்டுப் போயிருக்கக் கூடாது" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அந்தப் பேச்சு யாருக்காகவும் இல்லை, கூரைக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

சரிசெய்ய முடியும் என்றார். விரிசலில் வரிசையாகத் துளையிட்டு, ஊசி மாதிரி ஒன்றால் உள்ளே ஒரு பசையைச் செலுத்துவார்கள். மேலே டைலைப் பெயர்த்து மறுபடி பூச வேண்டும். மூன்று வாரம் ஆகும். அதன் பிறகு ஒழுகாது என்று அவர் நம்பினார். எழுதித் தருவாரா என்றாள் சின்னம்மா. தருவேன் என்றார்.

ஆனால் நாளைக்கு வெள்ளிக்கிழமை. மூன்று வாரம் காத்திருக்கக் குழுவில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அடுத்த சீட்டுக்காரி ஏற்கெனவே இரண்டு தடவை விசாரித்துவிட்டாள். ஒடேரா பையிலிருந்து முப்பத்தொன்றின் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினான். எல்லாம் தயார், கையெழுத்துதான் பாக்கி, ஜெனரேட்டருக்குச் சத்தம் குறைக்கும் கூண்டு போடுகிறோம் என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

சின்னம்மா தாளை வாங்கவில்லை. எஞ்சினியரைப் பார்த்தாள்.

"முப்பத்தொண்ணுல தளம் போட்டப்ப என்ன நடந்துது சார்?"

"ஒண்ணும் நடக்கல."

"நீங்க அங்க இருந்தீங்களா?"

அவர் யோசித்தார். "ஞாபகம் இல்ல" என்றார்.

"அங்கயும் தண்ணி கட்டிப் பார்க்க ஒரு நாள் வேணும். எனக்கு ஒரு நாள் இல்ல." அவள் மறுபடி கூரைக் கோட்டைப் பார்த்தாள். "இதுல எங்க ஓட்டைன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இதையே குடுங்க."

அன்று சாயங்காலம் ஒடேரா பதினாலின் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் நீல மையில் தன் கையாலேயே ஒரு பத்தி எழுதினான். விரிசலைக் கம்பெனி தன் செலவில் சரிசெய்ய வேண்டும், மறுபடி தண்ணீர் கட்டி இரண்டு நாள் சோதிக்க வேண்டும், ஒழுகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மேலிடம் அதற்கு அரை மனதாகச் சம்மதித்தது. மூலை வீட்டுக்கென்று வைத்திருந்த கூடுதல் விலையையும் விட்டுக்கொடுத்தது. எஞ்சினியர் அந்தப் பத்தியின் கீழே கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை குழுவில் தாளைக் காட்டியபோது தலைவி ம்பித்தே நீல மைப் பத்தியை இரண்டு தடவை படித்தார். ஒழுகுகிற வீட்டுக்கா கடன் கேட்கிறாய் என்று கேட்டதற்கு, எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்த வீட்டுக்கு என்றாளாம் இவள். பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி சிரிக்காமல், தன் வீட்டிலும் மழைக்கு ஒரு மூலை ஈரமாகிறது, தண்ணீர் கட்டிப் பார்க்க எப்படி என்று விசாரித்தாள். கடன் கிடைத்தது.

இதற்கு விலை இல்லாமல் போகவில்லை. அந்தக் கம்பெனி பக்கத்து நிலத்தில் அடுத்த அறுபது வீடுகளுக்கு வேலை ஆரம்பித்தபோது சாப்பாடு வேறொருத்திக்குப் போனது. சின்னம்மாவிடம் யாரும் காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்ட கேள்வி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். தகரக் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்க் கல் உடைக்கும் ஆலை வாசலில் போட்டாள். அங்கே தளம் போடுகிறவர்கள் யாரும் இல்லை. ஆனால் இப்போது யாராவது சாப்பாடு எப்போது ஆகும் என்று கேட்டால், அவரையை ஒன்று எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணரை மணி நேரம்" என்று சொல்லி அவர்களைத் திகைக்க வைக்கிறாள்.

சொன்னதைவிட ஒரு வாரம் தாமதமாக வேலை முடிந்தது. மறுபடி குளியலறையில் தண்ணீர் கட்டினார்கள். முதல் நாள் முழுவதும் கூரை காய்ந்தே இருந்தது. இரண்டாம் நாள் மதியம் சின்னம்மா கூடத்தின் நடுவில், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். எஞ்சினியர் நின்றார். ஒடேரா ஜன்னல் பக்கம். கோடு இருந்த இடத்தில் வரிசையாக அடைத்த சிறு துளைகளின் தழும்பு மட்டும் தெரிந்தது. நாலு மணிக்கு எஞ்சினியர் ஏணியில் ஏறி உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். இறங்கி வந்து கையைச் சின்னம்மாவிடம் நீட்டினார். அவள் தொட்டுப் பார்த்தாள். சுண்ணாம்புத் தூள்தான் இருந்தது.

ஒடேரா சாவியை எடுத்தான். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"சார், உள்ள செலுத்தினீங்களே அந்தப் பசை, அது எதுல செய்யறது?"

எஞ்சினியர் கடிகாரத்தைப் பார்த்தார். ஏதோ இரசாயனம், சொன்னால் புரியாது என்றார்.

"புரியற வரைக்கும் சொல்லுங்க. எனக்கு இப்ப வேற வேலை இல்ல."

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். உட்கார வேறொன்றும் இல்லாததால் மாடிப்படியில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.